ஐடிலிங்கில் நடுங்கும் காருக்கு இன்ஜெக்டரை வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா?

சிக்னலில் ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, பெட்ரோல் கார் நடுங்குகிறது, ஓட்டும்போது பெரிதாகத் தெரியவில்லை, இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வண்டி இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) பெட்ரோலைத் தெளிக்கும் பழைய போர்ட் இன்ஜெக்‌ஷன் வகையாக இருந்தால் செய்யலாம். அதில் பெட்ரோலின் அழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரைதான். சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வகையாக இருந்தால் ஸ்பேனரை எடுக்கவே வேண்டாம். அங்கே அழுத்தம் 200 பாரையும் தாண்டும், டீசல் காமன் ரெயிலில் 1,600 பாருக்கும் மேல் போகும். அந்த அழுத்தத்தில் மெல்லிய இடுக்கிலிருந்து வெளிப்படும் எரிபொருள் தோலைத் துளைத்து உடம்புக்குள் இறங்கிவிடும்.

ஐடிலிங் சரியில்லை என்றவுடன் இன்ஜெக்டரைச் சந்தேகிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. என் அனுபவத்தில், கரி படிந்த த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்), வெடித்துப்போன வேக்கம் ஹோஸ் (இன்டேக்கோடு இணைந்த ரப்பர் குழாய்), தேய்ந்த ஸ்பார்க் பிளக், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் பலவீனம் ஆகியவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் இன்ஜெக்டரின் முறை வர வேண்டும். புளூடூத் வழியாகக் கைப்பேசியில் இயங்கும் வண்டியின் கணினியிலிருந்து தகவல்களைப் படிக்கும் ஒரு சாதாரண ஓபிடி ஸ்கேனர் இருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஐடிலிங்கில் ஃபியூயல் டிரிம், அதாவது கணினி பெட்ரோலைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அளவு, 15 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டி, ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனதும் அது இயல்புக்குத் திரும்பினால், எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது என்று கொள்ளலாம். மேடு ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் கூட டிரிம் உயர்ந்தே இருந்தால், பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை என்று பொருள், அப்போது இன்ஜெக்டரோடு ஃபியூயல் பம்ப்பையும் ஃபில்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பி0303 என்பதுபோல ஒரே சிலிண்டரில் மட்டும் மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) என்று பிழைக் குறியீடு வந்தால், அந்தச் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி காயில்தான். பிளக்கையும் அப்படியே மாற்றிப் பார்த்தும் குறியீடு நகராமல் நின்றால், இன்ஜெக்டர் மீதான சந்தேகம் வலுக்கிறது.

இன்ஜெக்டரின் நுனி அடைபடுவது பெரும்பாலும் வண்டி ஓடும்போது அல்ல, சூடான இன்ஜினை அணைத்துவிட்டு நாம் இறங்கிப் போன பிறகுதான். நுனியில் ஒட்டியிருக்கும் சொற்பப் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, கனமான பகுதி அந்தச் சூட்டில் வார்னிஷ் போல உறைகிறது. ஆகவே கடைக்கும் பள்ளிக்கும் என்று அடிக்கடி நிறுத்தி எடுக்கும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். இத்தகைய படிவத்துக்கு, கழற்றுவதற்கு முன்பாக, பாலிஈதர்அமைன் கலந்த கிளீனர் ஒன்றை டப்பாவில் குறிப்பிட்ட அளவில் டேங்கில் ஊற்றி, அந்த டேங்க் முழுவதையும் நெடுஞ்சாலையில் ஓட்டித் தீர்ப்பது நல்லது. அந்த வேதிப்பொருள் இருப்பதாகச் சொல்லாத மலிவான பாட்டில்களுக்கு நான் செலவு செய்வதில்லை.

அதற்கும் மசியாவிட்டால் கழற்றலாம். இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும்; காற்றோட்டமான திறந்த இடமும் கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பானும் கட்டாயம். ஃபியூயல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து தரும் குழாயில், அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். அப்படியும் மிச்சப் பெட்ரோல் கொஞ்சம் வழியும் என்பதால் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பைப்பைத் திறக்க வேண்டும். இன்ஜெக்டர்கள் உட்காரும் குழிகளைச் சுற்றியுள்ள மண்ணை முதலிலேயே ஊதித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது நேராக வால்வுக்குப் போகும். ரெயிலோடு சேர்த்து மெதுவாக அசைத்து இழுத்தால் நான்கும் வந்துவிடும். எது எந்தச் சிலிண்டருடையது என்று எண் எழுதி வையுங்கள். மல்டிமீட்டரில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்குள்ளும் இருக்கும் காயிலின் மின்தடையை அளந்தால், இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் 11 முதல் 16 ஓம் வரை வரும். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நின்றால், அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கழுவும்போது இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டும். இரண்டு வயர்களை அதன் முனைகளில் இறுகப் பொருத்தி, ஸ்பிரே பறக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி வைத்த 9 வோல்ட் பேட்டரியில் தொட்டுத் தொட்டு எடுத்தால் ‘டிக்’ என்று ஊசி திறந்து மூடும். தொடும்போது பொறி பறக்கும் என்பதால்தான் இந்த இடைவெளி. கார் பேட்டரியின் 12 வோல்ட்டைத் தொடர்ந்து கொடுத்தால் உள்ளிருக்கும் சுருள் கருகிவிடக்கூடும். பொருத்தமான ரப்பர் குழாய் வழியாக இன்ஜெக்‌ஷன் கிளீனரை முதலில் நுனிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் செலுத்தினால், மேலே உள்ள சிறு வலையில் சிக்கிய தூசு வெளியேறும். பிறகு வழக்கமான திசையில் செலுத்தித் தெளிப்பைப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இதைச் செய்யாதீர்கள்.

ஆனால் நான்கு இன்ஜெக்டர்களும் ஒரே அளவு பெட்ரோலைத் தருகின்றனவா என்பதை இந்த முறையில் அறிய முடியாது. ஐடிலிங் சீராக இருப்பதோ அந்தச் சமநிலையில்தான் இருக்கிறது. எனவே கழற்றுவதையும் மாட்டுவதையும் நானே செய்துகொண்டு, சுத்தம் செய்வதை மட்டும் ஒலியதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியும் அளவுக் குழாய்களும் உள்ள ஒர்க் ஷாப்பில் கொடுத்து வாங்குவேன். முன்பும் பின்பும் எடுத்த அளவுகளைக் கேட்டு வாங்குங்கள், தரத் தயங்கும் இடத்தில் கொடுக்காதீர்கள்.

திரும்ப மாட்டும்போது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளில் பழையவற்றைப் போடக் கூடாது. புதியவற்றில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி நேராக அழுத்துங்கள். ஃபியூஸையும் பேட்டரியையும் இணைத்த பின், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, ரெயிலைச் சுற்றி ஈரமோ பெட்ரோல் வாடையோ இல்லை என்று உறுதியான பிறகே ஸ்டார்ட் செய்யலாம். பேட்டரியைக் கழற்றியதால் கணினி கற்றுவைத்திருந்தவை அழிந்திருக்கும், ஆகவே முதல் சில கிலோமீட்டர்களுக்கு ஐடிலிங் ஏறி இறங்கினால் பதற வேண்டாம். அதன் பிறகும் அதே சிலிண்டரில் மிஸ்ஸிங் தொடர்ந்தால், அடுத்து பார்க்க வேண்டியது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்.