சந்தேகம் வந்த பிறகும் இயக்கத்தில் இருப்பது போலித்தனமா?

'லா கேர் எ ஃபினி' படத்தின் டியாகோவைக் காட்டி, "நம்பிக்கை ஆட்டம் கண்ட பிறகும் கட்சி வேலை பார்ப்பது போலித்தனம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஏதோ ஒரு அமைப்பில் சேர்ந்து, இப்போது மனது உறுத்திக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். என் பதில்: இல்லவே இல்லை.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: அலென் ரெனே இயக்கி 1966-இல் வந்த பிரெஞ்சுப் படம். ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை எதிர்த்து, பாரிஸில் இருந்துகொண்டு போலி பாஸ்போர்ட்டில் ஸ்பெயினுக்குள் போய்வரும் கம்யூனிஸ்ட் டியாகோ. நடித்தவர் இவ் மோந்தான். பொது வேலைநிறுத்தத்துக்கு நாடு தயார் என்று பாரிஸில் இருக்கும் தலைமை நம்புகிறது. நேரில் பார்த்துவிட்டு வந்தவன், நிலைமை அப்படி இல்லை என்கிறான். உள்நிலவரத்திலேயே மூழ்கி அரசியல் பார்வையை இழந்துவிட்டாய் என்று அவனைத்தான் கண்டிக்கிறார்கள். கதை எழுதிய ஹோர்கே செம்ப்ருனே வேறு பெயரில் ஸ்பெயினுக்குள் தலைமறைவு வேலை பார்த்தவர்தான். தலைமையோடு முரண்பட்டதால் 1964-இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

அந்தக் கண்டிக்கிற காட்சியில் எனக்குப் படம் ஓடவில்லை, எங்கள் பெரியப்பாதான் தெரிந்தார்.

தருமபுரிக்காரர்களுக்கு 1980 பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கந்துவட்டியையும் டீக்கடை இரட்டைக் குவளையையும் எதிர்த்து நின்ற நக்சல்பாரி இளைஞர்களைப் போலீஸ் வேட்டையாடிய காலம். நக்சல்பாரித் தலைவர்கள் அப்பு, பாலன் இருவருக்கும் நாய்க்கன்கொட்டாயில் சிலை வைத்திருக்கிறார்கள். பெரியப்பா அப்போது ஊரைவிட்டுப் போய், பெங்களூர் பக்கம் கட்டட வேலையில் வேறு பெயரில் இருந்தார். திரும்பி வந்த பிறகும் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டார். டீக்கடையில் சுவரில் முதுகு படும்படிதான் உட்காருவார்.

ஒரு கோடையில் சேலத்திலிருந்து இரண்டு தோழர்கள் நோட்டீஸ் கட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். பாலக்கோடு விவசாயிகள் எழுச்சிக்குத் தயார் என்று அச்சடித்திருந்தது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "தக்காளிக்கு வண்டி வாடகைகூடக் கட்டலன்னு ரோட்டோரம் கொட்டிட்டுப் போறான் தோழர். வட்டிக்காரனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம நிக்கிறான். ஒரு நாள் விடியக்காலம் மார்க்கெட்ல நின்னு பாத்துட்டு எழுதுங்க" என்றார். வந்தவர்களில் சின்னவர், "உங்களுக்கு வயசாயிடுச்சு தோழர், சோர்ந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டார்.

பெரியப்பா அதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் அதே நோட்டீஸை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்க் கொடுத்தார். "நம்பாதத எதுக்குக் கொடுக்கறீங்க?" என்று பெரியம்மா கேட்டதற்கு, "இதக் கொடுக்கற சாக்குல நாலு பேருகிட்ட பேசலாம்ல, வட்டி என்னாச்சுன்னு கேக்கலாம்ல" என்றார். டியாகோவும் வேலைநிறுத்தத்தில் நம்பிக்கை இல்லாமலேதான் மறுபடி ஸ்பெயினுக்குப் புறப்படுகிறான். குண்டு வைக்கலாம் என்று துடிக்கும் பாரிஸ் மாணவர்களோடும் அவனுக்கு ஒத்துப்போகவில்லை. இதைப் போலித்தனம் என்று சொல்ல எப்படி மனசு வரும்?

ஆயுதம் ஏந்தியதை நான் நியாயப்படுத்துவதாக யாரும் கிளம்ப வேண்டாம். இரண்டு பக்கமும் உயிர் போனது. போலீஸ்காரர் குடும்பத்து இழப்பும் இழப்புதான். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரிப் படங்களைத் திரையிட்டுப் பேசும் கூட்டமெல்லாம் சென்னை, மிஞ்சிப்போனால் கோவை. எங்கள் பக்கம் யாரும் வருவதில்லை. பின்தங்கிய மாவட்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். தருமபுரி-மொரப்பூர் ரயில் பாதைக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த ஊர் இது. இங்கே இருப்பவர்களுக்கு அரசியல் படம் புரியாது என்று யார் முடிவு செய்தது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தோன்றுவதைத் தலைமையிடம் நேராகச் சொல்லுங்கள், வேலையையும் விடாதீர்கள். பெரியப்பாவை இயக்கத்துக்காரர்கள் சோர்ந்தவர் என்றார்கள், சொந்தக்காரர்கள் ஓடிப்போனவர் என்றார்கள். அப்படிச் சொன்ன சொந்தக்காரர்கள் சிலர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதியிருக்கிறேன்.