உளி பிடித்தவர்களின் வருமானம்

அன்புள்ள ஐயா,

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி பற்றிய உங்கள் கட்டுரையோடு வந்திருந்த அவருடைய மரச்செதுக்குப் படத்தைப் பார்த்ததும் இதைக் கேட்கத் தோன்றியது. என் மகள் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பெயிண்டிங் எடுப்பாள் என்று நினைத்திருந்தோம், பிரிண்ட்மேக்கிங் (கட்டையிலோ கல்லிலோ படத்தைச் செய்து காகிதத்தில் அச்செடுக்கிற கலை) எடுத்துவிட்டாள். இதில் என்ன வருமானம் வரும் என்று வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள், நானும்தான். ரஷ்யாவில் இந்தத் துறையில் இத்தனை பேர் இருந்திருக்கிறார்களே, அவர்கள் எங்கே படித்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள்? ஓவியராக முடியாதவர்கள்தான் இதற்குப் போனார்களா?

தேவகி, தஞ்சாவூர்

அன்புள்ள தேவகி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில் பாதி உண்மை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் மரத்தில் செதுக்குகிறவர் என்றால் பெரும்பாலும் அடுத்தவர் வரைந்ததைப் பிரதி எடுப்பவர்தான். ஒரு பெரிய ஓவியர் வரைந்ததைப் பத்திரிகையில் போட வேண்டுமென்றால், யாராவது ஒருவர் உட்கார்ந்து அதன் ஒளி நிழல் முழுவதையும் மயிரிழைக் கோடுகளாகக் கட்டையில் வெட்டித் தர வேண்டும். கண்ணைக் கெடுக்கிற வேலை, ஆனால் சோறு போட்டது. லவ்ரேந்தி செர்யகோவ் என்று ஒருவர், சிப்பாயின் மகன், மரச்செதுக்குக்காகப் பீட்டர்ஸ்பர்க் கலை அகாதமியின் 'அகாதமீஷியன்' பட்டம் வாங்கிய முதல் ரஷ்யர். அவருடைய மாணவர் வஸீலி மத்தே, பிரதி எடுப்பதில் கெட்டிக்காரர், நல்ல ஆசிரியரும்கூட.

அந்த நூற்றாண்டின் முடிவில் புகைப்படத்திலிருந்து நேராக உலோக பிளாக் செய்கிற முறை வந்தது, பிரதி எடுக்கிற வேலை படுத்துவிட்டது. தொழிலே போகிற அந்த நேரத்தில்தான் மத்தேயிடம் படித்த ஒரு பெண் அதைக் கையில் எடுக்கிறார். அன்னா ஓஸ்த்ரவூமவா-லெபெதெவா, பிறந்தது 1871இல். ஓவியராக முடியாதவரா என்றால், இல்லை. அகாதமியில் புகழ்பெற்ற ரஷ்ய ஓவியர் ரேப்பினிடம் படித்தவர், பாரிஸ் போய் அமெரிக்க ஓவியர் விஸ்லரிடம் படித்தவர். திரும்பி வந்து 1900இல் அகாதமியில் பட்டம் வாங்கியபோது அவர் காட்டியது கான்வாஸை அல்ல, மரச்செதுக்குகளை. பிறர் படத்தைப் பிரதி எடுப்பதோடு நிற்காமல், தானே யோசித்து, தானே வெட்டி, வண்ணத்துக்கு ஒரு கட்டையாக அச்சிடுவதுதான் அவருடைய வழி. ஜப்பானிய மரச்செதுக்குகளில் மனம் பறிகொடுத்தவர் அவர். இதில் கலை மட்டும் இல்லை, உடம்பும் இருக்கிறது: எண்ணெய் வண்ணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, மூச்சிரைக்கும். கணவர் செயற்கை ரப்பர் கண்டுபிடித்த வேதியியலாளர் செர்கேய் லெபெதெவ், அதனால் அடுப்பெரிவதற்கு மரக்கட்டையை மட்டும் நம்ப வேண்டிய நிலை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலைஞர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்த மாதிரிச் சங்கதிகளை அநேகமாக விட்டுவிடுவார்கள்.

வருமானம் என்று கேட்டீர்களே, அதற்கு விளதீமிர் ஃபவோர்ஸ்கிதான் சரியான ஆள். நீங்கள் பார்த்த தஸ்தயேவ்ஸ்கி படம் அவர் 1929இல் செதுக்கியது. மியூனிக்கில் ஹங்கேரிய ஓவியர் ஷிமோன் ஹோலோஷியிடம் ஓவியம், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு, அப்புறம் முதல் உலகப்போர் முனை. செதுக்குவதற்கென்று கல்லூரிப் பட்டம் எதுவும் வாங்கவில்லை. 1920இல் மாஸ்கோவில் வ்குதெமாஸ் என்ற புதிய கலைப்பள்ளி தொடங்குகிறது, சீக்கிரமே அங்கே அச்சுக்கலைப் பிரிவில் ஆசிரியராகிறார், 1923 முதல் 1926 வரை பள்ளிக்கே தலைவராகவும் இருக்கிறார். பிற்காலத்தில் பெரிய கான்வாஸ்களுக்குப் பெயர்போன தெய்னேகா அந்தப் பிரிவில் படித்தவர்தான்.

அவருடைய வழியைப் புரிந்துகொள்ளக் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலகையை நெடுக்குவாட்டில் அறுத்தால் நார் ஓடும், உளி அதோடு இழுத்துக்கொண்டு போகும் (நான் ஒருமுறை முயன்று பார்த்ததன் தழும்பு இடது கட்டைவிரலில் இருக்கிறது). மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் அந்தத் தொல்லை கிடையாது, எந்தப் பக்கமும் நுணுக்கமாக வெட்டலாம். அதற்கு பாக்ஸ்வுட் மாதிரி இறுகிய மரம் வேண்டும். அந்த மரம் பருக்காது, அதனால் கட்டைகள் சிறியவை, பெரிதாக வேண்டுமென்றால் துண்டுகளை ஒட்ட வேண்டும். அந்தக் கட்டையை அச்செழுத்தின் உயரத்துக்கே செய்து, ஈய எழுத்துக்களோடு ஒரே சட்டத்தில் பூட்டி, ஒரே அழுத்தத்தில் அச்சடிக்க முடியும். அதாவது படமும் எழுத்தும் ஒரே மையில், ஒரே காகிதத்தில் ஒன்றாக விழும். ஃபவோர்ஸ்கி இதைத் தொழில்நுட்பச் சௌகரியமாக மட்டும் பார்க்கவில்லை. எழுத்து, ஓரவெளி, படம் மூன்றும் சேர்ந்து புத்தகம் என்பது ஒரு கட்டடம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதனால் அவரிடமிருந்து வெளியே வந்தவர்களுக்குச் சுவரில் மாட்ட யாராவது படம் வாங்குவார்களா என்று காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, அவர்களுக்குப் பதிப்பகங்கள் இருந்தன. அட்டை, தலைப்பெழுத்து, உள்படம் எல்லாவற்றுக்கும் கூலி உண்டு.

இதைப் பொற்காலமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 1930இல் அந்தப் பள்ளியை மூடினார்கள். 1932இல் சுயேச்சையான கலைக்குழுக்களைக் கலைத்தார்கள், அதற்குப் பிறகு கலைஞர் சங்கத்தில் இருந்தால்தான் ஸ்டூடியோவும் கமிஷனும். ஃபவோர்ஸ்கிக்கு 'உருவவாதி', அதாவது கருத்தை விட்டு வடிவத்தையே கொண்டாடுகிறவர், என்ற முத்திரை விழுந்தது. இரண்டாம் உலகப்போரில் இரண்டு மகன்களையும் இழந்தார், 1941இல் ஒருவர், 1945இல் இன்னொருவர். இடையில் சமர்கந்துக்கு இடம்பெயர்ந்திருந்தபோது லினோலியத்தில் (தரையில் விரிக்கிற மெத்தென்ற பொருள், மரத்தைவிடச் சுலபமாக வெட்டலாம்) ஒட்டகங்களையும் கழுதைகளையும் வெட்டினார், அவருடைய வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தவை அவைதான். கடைசியில் 1962இல் லெனின் பரிசு கொடுத்தார்கள், 'ஈகோரின் படையெடுப்பு' காவியத்துக்கும் புஷ்கினின் நாடகங்களுக்கும் செய்த புத்தகப் படங்களுக்காக. அப்போது வயது 76.

கண்காட்சியில் வைக்க முடியாத கோடு ஒரு கதைப் புத்தகத்தின் 40ஆம் பக்கத்தில் தப்பித்துப் பிழைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நாட்டில் நல்ல ஓவியர்கள் பலர் புத்தகத்துக்குள் ஒதுங்கியதற்குச் சம்பளம் ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று. நம் வீடுகளில் கிடந்த சோவியத் தமிழ்ப் புத்தகங்களின் படங்களுக்குப் பின்னாலும் இந்தப் பரம்பரை உண்டு.

இன்னொன்று, இது உங்கள் மகளுக்குப் பயன்படலாம். லெனின்கிராடில் (முன்பு சொன்ன பீட்டர்ஸ்பர்க்தான்) கலைஞர் சங்கம் ஒரு கல்லச்சுப் பட்டறை, அதாவது கல்லில் வரைந்து அச்செடுக்கிற லித்தோ பட்டறை, வைத்திருந்தது. லித்தோவுக்குக் கனமான கல்லும் பிரஸ்ஸும் வேண்டும், தனி ஆள் வாங்கிக் கட்டுப்படியாகாது. அங்கே அச்சடிக்கிறவர்களும் ஓவியர்களும் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தார்கள். அனத்தோலி கப்லான் என்ற ஓவியர் ஓவியப் படிப்பு முடித்துப் பத்து வருஷம் போல ஆன பிறகு அங்கேதான் கல்லச்சைக் கற்றார். யித்திஷ் மொழி எழுத்தாளர் ஷோலெம் அலெய்கெமின் கதைகளுக்கு அவர் செய்தவற்றைப் பார்த்தால் கல்லில் இவ்வளவு சாம்பல் நிறம் ஒளிந்திருக்கிறதா என்று தோன்றும்.

ஆகவே வருமானத்தை விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களும் விடவில்லை. கல்லூரி முடிந்ததும் பிரஸ் எங்கே கிடைக்கும், யாரோடு பகிர்ந்துகொள்வாள், புத்தக வேலை செய்யப் பிடிக்குமா என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். பெயிண்டிங்கை ஏன் விட்டாய் என்று மட்டும் கேட்க வேண்டாம். அந்த தஸ்தயேவ்ஸ்கி படத்தை அவளிடம் காட்டுங்கள், அதில் முதலில் கண்ணில் படுவது கறுப்பா வெள்ளையா என்று கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.