கேபிள்காரரை மாற்றினால் செட்டாப் பாக்ஸையும் ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது? சிம் கார்டு போல ஒரே பாக்ஸ் எல்லா கம்பெனிக்கும் ஓடும்படி அரசு சட்டம் போடக் கூடாதா?

கேள்விக்குக் கீழே, "கேபிள்காரர்கள் வேண்டுமென்றே பாக்ஸைப் பூட்டி வைத்துக் காசு பிடுங்குகிறார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். ஈரோடு பக்கம் ஒரு பேரூராட்சியில் கேபிள் நடத்தியவன் நான். மொட்டை மாடியில் பெரிய டிஷ்ஷை ஏற்றி, மாடுலேட்டர்களை வரிசையாக அடுக்கி, தென்னை மரத்திலெல்லாம் ஒயர் கட்டி இழுத்த காலத்திலிருந்து இதில்தான் இருந்தேன். இப்போது லைனை மைத்துனர் பார்த்துக்கொள்கிறார். நான் பேருக்கு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எனக்கு இதில் லாப நஷ்டம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், சொல்லவில்லை.

உங்கள் கதை என்னவாக இருக்கும் என்று தெரியும். வீடு மாறியிருப்பீர்கள். பழைய ஏரியாவில் காசு கொடுத்து வாங்கிய பாக்ஸைப் பத்திரமாகத் துணி சுற்றி எடுத்து வந்திருப்பீர்கள். இங்கே வேறு கம்பெனி லைன். வந்த பையன் பாக்ஸைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "இது ஓடாதுங்க, புதுசு போடணும்" என்றிருப்பான். கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் பூட்டு எங்கள் கையில் இல்லை. சேனல்களைத் திரட்டி எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களுக்கு சிக்னல் கொடுக்கும் பெரிய கம்பெனிக்கு எம்.எஸ்.ஓ. என்று பேர். சேனல்கள் எல்லாம் அந்த எம்.எஸ்.ஓ.வின் ஹெட்எண்டில், அதாவது சிக்னல் கிளம்பும் கண்ட்ரோல் ரூமில், கலைத்துப் போடப்பட்டுத்தான் எங்கள் ஃபைபருக்கே வருகின்றன. அதை மறுபடி ஒழுங்குபடுத்தும் சாவி சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். சிக்னலோடு சேர்ந்தே வரும் அந்தச் சாவியைப் பிரித்தெடுக்கும் ரகசியம் பாக்ஸில் செருகிய கார்டிலோ, பாக்ஸின் சிப்பிலோ இருக்கிறது. இதைச் செய்து தருவதற்கென்றே இர்டெட்டோ, நாக்ரா என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் இருக்கின்றன. ஒவ்வொரு எம்.எஸ்.ஓ.வும் ஏதோ ஒன்றோடு ஒப்பந்தம் போட்டிருப்பார். உள்ளூர் ஆபரேட்டரான எங்களிடம் இருப்பது எம்.எஸ்.ஓ. கொடுத்த ஒரு லாகின். அதில் நம்பரைத் தட்டி ஆக்டிவேட் செய்யலாம், கட் செய்யலாம், படம் வரவில்லை என்று போன் வந்தால் ரெஃப்ரெஷ் அடிக்கலாம். அவ்வளவுதான் எங்கள் அதிகாரம்.

சரி, அரசு தரம் எதுவும் வைக்கவில்லையா என்றால், நிறைய வைத்திருக்கிறது. 1995 கேபிள் சட்டத்தின் 9-வது பிரிவே இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட கருவிகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. டிஜிட்டல் கேபிள் பாக்ஸுக்கென்று 2002-லேயே ஐ.எஸ். 15245 என்ற இந்தியத் தரம் வந்தது. கேபிளில் சிக்னல் டி.வி.பி-சி என்ற பொது முறையில்தான் போகிறது, அதனால் எந்தக் கம்பெனி பாக்ஸும் எந்தக் கம்பெனி சிக்னலையும் தேடிப் பிடித்துவிடும். கலைத்துப் போடும் முறைகூடப் பெரும்பாலும் பொதுவானதுதான். சாவியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அந்த ஒரு பாகம் மட்டும் அவரவர் சொந்தச் சொத்து. நீங்கள் கம்பெனி மாற முடியாமல் தடுப்பது அந்த ஒரு பாகம்தான்.

இது எனக்குப் புத்தகம் படித்துத் தெரிந்ததில்லை. டிஜிட்டல் மாற்றத்தின் கடைசிக் கட்டம் 2017 மார்ச் 31-ல் முடிய வேண்டும் என்று சட்டம் நெருக்கியபோது எங்கள் பக்கத்திலும் வீடு வீடாகப் பாக்ஸ் மாட்டினோம். அப்போது எங்களுக்கு சிக்னல் கொடுத்தவர் ஒரு தனியார் எம்.எஸ்.ஓ. பெயர் வேண்டாம். அவர் சேனல் கம்பெனிகளுக்குப் பாக்கி வைத்தார் என்று ஒரு பேச்சு, பங்காளிச் சண்டை என்று இன்னொரு பேச்சு. எது உண்மையோ, ஒரு நாள் சாயங்காலம் சீரியல் நேரத்தில் ஊர் முழுக்கத் திரை கறுத்துப் போனது. அவர் போனை எடுக்கவில்லை. மறுநாள் ஹெட்எண்டுக்கே போய்ப் பார்த்தேன், வாட்ச்மேன் மட்டும் இருந்தார்.

பக்கத்து ஊரில் வேறு எம்.எஸ்.ஓ.வின் ஃபைபர் வந்திருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அங்கிருந்து ஒரு இழை வாங்கி எங்கள் லைனில் கொடுத்தோம். பழைய பாக்ஸிலேயே ஆட்டோ ஸ்கேன் போட்டுப் பார்த்தேன். சேனல் பெயரெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது! பையன்கள் கைதட்டினார்கள். எந்த சேனலை அமுக்கினாலும் பெயர் வருகிறது, நம்பர் வருகிறது, படம் மட்டும் இல்லை, "ஸ்கிராம்பிள்டு" என்று எழுத்து. பொதிகைகூட வரவில்லை. தூர்தர்ஷன் சேனல்களை ஒவ்வொரு கேபிள்காரரும் கட்டாயம் காட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு சொல்கிறது. டிஜிட்டலில் எந்த சேனலானாலும் பூட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. இரண்டும் ஒரே சட்டத்தில்தான் இருக்கின்றன. ஆக இலவச சேனலும் பூட்டுக்குள் போய்விட்டது.

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் எங்கள் லைனில் இருந்தார். பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டார். அதைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு படித்தார்.

"ஏம்ப்பா, கவர்ன்மென்ட் முத்திரை இருக்குதல்ல இதுல? ஐ.எஸ். நம்பர் போட்டிருக்கு. அப்புறம் எப்படி ஓடாதுங்கற?"

"சார், அது வேற முத்திரைங்க."

"வேற முத்திரைன்னா? டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட் இல்லை. அது ஐ.எஸ். 13252. மின்னணுப் பொருட்களுக்குக் கட்டாயப் பதிவு வேண்டும் என்று 2012-ல் ஆணை வந்தபோது முதல் பட்டியலிலேயே செட்டாப் பாக்ஸும் இருந்தது. அந்த முத்திரைக்கு அர்த்தம், பாக்ஸ் ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பது. இன்னொரு கம்பெனி சிக்னலில் படம் வரும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. இதை அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் கடையில் கூட்டம் கூடிவிட்டது. "ஷாக் அடிக்காதுங்கறதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு, படம் வரும்ங்கறதுக்கு இல்லியா?" என்று கேட்டுவிட்டு பாக்ஸை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் கேட்டதில் என்ன தப்பு?

கடைசியில் புது எம்.எஸ்.ஓ.விடம் பாக்ஸ் எடுத்து எல்லா வீட்டுக்கும் மறுபடி மாட்டினோம். பணம் கொடுக்க மனமில்லாதவர்கள் டிஷ்ஷுக்குப் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பழைய பாக்ஸ்கள் மூட்டை மூட்டையாக எங்கள் மாட்டுக்கொட்டகையில் கிடந்தன. எல்லாம் நன்றாக ஓடுகிற பாக்ஸ்கள், பேரீச்சம்பழத்துக்குப் போட்டதுதான் மிச்சம். "புது பாக்ஸில் உனக்கும் கமிஷன் வந்திருக்குமே" என்று கமென்டில் யாராவது கிளம்புவீர்கள். மாட்டுக்கூலி வாங்கினோம், மறுக்கவில்லை. மொட்டை வெயிலில் ஏணி தூக்கிய பையன்களுக்கு நீங்கள் கூலி கொடுப்பீர்களா?

இதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லையா என்றால் அதுவும் இல்லை. வீட்டு மாடியில் டிஷ் வைத்துப் பார்க்கும் டி.டி.எச்.சுக்கு 2001-ல் விதிமுறை எழுதியபோதே பாக்ஸ் திறந்த அமைப்பில் இருக்க வேண்டும், வேறு கம்பெனிக்கு மாறும்போது கார்டு மாட்யூல் ஒன்றைச் செருகி அதே பாக்ஸை ஓட்ட முடிய வேண்டும் என்று போட்டார்கள். அதாவது நீங்கள் கேட்கிற அதே சிம் கார்டு யோசனை. நடந்தது என்ன? முதலில் வந்த கம்பெனிகள் படத்தைச் சுருக்கி அனுப்ப எம்பெக்-2 என்ற முறையில் ஒளிபரப்பின. பின்னால் வந்தவர்கள் இன்னும் அதிகம் சுருக்கும் எம்பெக்-4-க்குப் போய்விட்டார்கள். எம்பெக்-2 பாக்ஸில் எந்த மாட்யூலைச் செருகினாலும் எம்பெக்-4 படம் வராது. அதோடு கம்பெனிகள் பாக்ஸை அடிமாட்டு விலைக்கும் சும்மாவும் கொடுத்து ஆள் பிடித்தன. தனியாக மாட்யூல் வாங்க யார் போவார்? விதி காகிதத்தில் இருந்தது, பாக்ஸில் மாட்யூல் செருக வைத்த ஓட்டையில் தூசிதான் படிந்தது.

சென்னைக்காரர்களுக்கு இன்னும் பழைய கதை நினைவிருக்கும். 2003 செப்டம்பர் 1-ல் நாட்டிலேயே சென்னையில் மட்டும்தான் கட்டண சேனலுக்குப் பாக்ஸ் கட்டாயம் என்று ஆனது. அப்போது நான் வளசரவாக்கத்தில் மாமாவின் கேபிள் ஆபீஸில் ஒத்தாசைக்கு இருந்தேன். பெரும்பாலான வீடுகள் பாக்ஸ் வாங்கவே இல்லை, இலவசமாக வருவதே போதும் என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கே மாமா சொன்னார், "டி.வி. வாங்கறவன் கடையில டி.வி. வாங்கற மாதிரி பாக்ஸையும் கடையில வாங்கணும்டா, நம்மகிட்ட ஏன் வாங்கணும்?" அவர் படித்தது எட்டாவது.

ஐரோப்பாவில் அப்படித்தான் செய்தார்கள். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் திரை உள்ள டிஜிட்டல் டி.வி. எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட மாட்யூலைச் செருகும் பொதுச் செருகுவாய் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2002-லேயே சட்டம். அமெரிக்காவில் கேபிள்கார்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கேபிள் கம்பெனிகள் தாங்கள் கொடுக்கும் பாக்ஸிலும் பூட்டைத் தனிக் கார்டாகத்தான் வைக்க வேண்டும் என்று 2007-லிருந்து கட்டாயம், 2015-ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆகவே சட்டம் போட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதாட வரவில்லை.

நம் ஊரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சில வருடங்கள் இதைப் பேசி, 2020 ஏப்ரலில் மத்திய அரசுக்குப் பரிந்துரையே கொடுத்துவிட்டது. டி.டி.எச். பாக்ஸ் எல்லா டி.டி.எச்.சுக்கும், கேபிள் பாக்ஸ் எல்லா கேபிளுக்கும் ஓட வேண்டும், யு.எஸ்.பி. வழியாகச் செருகும் சின்ன மாட்யூல் இருந்தால் போதும் என்பது அதன் சாரம். கேபிள் பாக்ஸை டிஷ்ஷுக்குப் போட முடியாதா என்று சிலர் கேட்பீர்கள். அலைவரிசை வேறு, சிக்னலை ஏற்றும் முறையே வேறு, அதற்கு யார் மேலும் பழி போட வேண்டாம். ஆனால் கேபிளுக்குக் கேபிள் ஓடச் செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை ஒன்றும் இல்லை. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. எம்.எஸ்.ஓ.க்கள் திருட்டு பயம் என்றார்கள், செலவு என்றார்கள், இப்போது எல்லாரும் ஓ.டி.டி. பக்கம் போகும்போது இது எதற்கு என்றார்கள்.

இதற்கு நடுவில் அடி வாங்குவது யார்? 2019-ல் புதுக் கட்டண முறை வந்தபோதும் இதே கூத்துதான். 130 ரூபாய் அடிப்படைக் கட்டணம், 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் சேனலுக்குத் தனி. விலையை முடிவு செய்தவர்கள் டெல்லியில், வசூலுக்குப் போய்த் திட்டு வாங்கியது என் மைத்துனர். போன மாதம் குழாய் பதிக்க வந்த ஒப்பந்தக்காரரின் ஜே.சி.பி. எங்கள் மெயின் ஃபைபரை வாரி எடுத்துவிட்டது. ஒட்டுப் போடுகிற ஆளைக் கூட்டி வந்து, மெஷினுக்கு வாடகை கொடுத்து, ராத்திரி முழுக்கக் குழிக்குள் உட்கார்ந்து ஒட்டினோம். நஷ்டம் கேட்டால் "இங்க ஒயர் போட யாரு உனக்கு பர்மிஷன் கொடுத்தா?" என்கிறார். எங்களிடம் பர்மிஷன் இருந்தது. பேப்பரைக் காட்டினேன், அவர் பார்க்கக்கூட இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக் கூடியது. உங்கள் பாக்ஸ் மொத்த விலைக்கு வாங்கியதா, வாடகையா என்று பழைய ரசீதைப் பாருங்கள். வாடகை என்றால் டெபாசிட்டைக் கேளுங்கள், பேச்சோடு விடாமல் எஸ்.எம்.எஸ். அல்லது வாட்ஸப்பில் கேளுங்கள். பூட்டே வேண்டாம் என்றால் டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கியது, அதில் வரும் பெரும்பாலான சேனல்கள் பூட்டாமலேயே வருவதால் கடையில் கிடைக்கும் ஃப்ரீ டிஷ் பாக்ஸ் எந்தக் கம்பெனியுடையதானாலும் ஓடும், மாதச் சந்தா கிடையாது. பாக்ஸே இல்லாமல் டி.வி.யிலேயே சாட்டிலைட் ட்யூனர் இருப்பதற்கும் ஐ.எஸ். 18112 என்று ஒரு தரம் வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் பார்க்கிற கட்டணத் தமிழ் சேனல்கள் ஃப்ரீ டிஷ்ஷில் வராது, வீட்டில் சீரியல் பார்க்கிறவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பழைய பாக்ஸைத் திருப்பிக் கொடுப்பதென்றால் ரிமோட், அடாப்டர், கார்டு மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, கார்டு நம்பரைக் குறித்து ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்த நம்பரின் பேரில் பாக்கி என்று யாராவது போன் செய்வார்கள்.