பழைய பில்டு டார்கெட்டை ஏன் நீக்கினார்கள்?

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் நிரலிலிருந்து ‘இசட்இமேஜ்’ என்ற பில்டு டார்கெட்டை (மூலநிரலிலிருந்து உருவாக்கவேண்டிய கோப்பின் பெயரை) நீக்கிவிட்டார்களே, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கக் கூடாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இசட்இமேஜ் என்பது சுருக்கப்பட்ட கெர்னல் கோப்பு. அது நினைவகத்தின் முதல் 640 கிலோபைட்டுக்குள், 64 கிலோபைட் முகவரியில் ஏற்றப்பட்டதால், அதன் அளவு ஏறத்தாழ 512 கிலோபைட்டைத் தாண்ட முடியாது. கெர்னல் வளரவே, 1 மெகாபைட் முகவரியில் ஏற்றப்படும் ‘பிஇசட்இமேஜ்’ வந்தது (அதிலுள்ள ‘பி’ பெரியது என்பதைக் குறிக்கிறது, பலர் நினைப்பதுபோல் சுருக்கமுறையின் பெயரை அன்று). சுருக்கிய பின்னும் பழைய வரம்புக்குள் அடங்கும் கெர்னல் அரிதாகிவிட்டதால், 2009இல் 2.6.30 பதிப்பில் எக்ஸ்86 (இன்டெல் வகைச் சில்லுள்ள) கணினிகளுக்கு இசட்இமேஜை நீக்கினார்கள். மற்றொரு சில்லு வகையான ஆர்மின் 32-பிட் கருவிகளில் அப்பெயர் இன்றும் உண்டு.

விட்டுவைத்திருக்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை. யாரும் சோதிக்காத நிரல் சும்மா இருப்பதில்லை. பூட் நிரலில் ஒரு முகவரியை மாற்ற வந்தவர், எவரும் பயன்படுத்தாத வழியையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருந்தது. பாமணியாற்றுப் பாசனத்தில், பயன்பாடு நின்றுபோன மதகின் பலகை உளுத்து, கடைமடைக்குப் போகவேண்டிய தண்ணீர் அதன் வழியே கசிந்தால், அதை அடைத்துவிடத்தானே செய்வீர்கள்! கெர்னலை உருவாக்கும் உங்கள் பழைய ஸ்கிரிப்டில் (கட்டளைக் கோப்பில்) ‘மேக் இசட்இமேஜ்’ என்ற வரி இருந்தால், ‘மேக் பிஇசட்இமேஜ்’ என்று மாற்றி, கோப்பை எடுத்துவைக்கும் வரியிலும் அப்பெயரைத் திருத்துங்கள்.