மகள் குழந்தை நூல் ஓவியராக விரும்பினால்

மதிப்பிற்குரிய அம்மா,

பிளஸ் டூ முடிக்கப்போகும் தங்கள் மகள், குழந்தைகளின் படக்கதை நூல்களுக்கு ஓவியம் வரைவதையே தொழிலாகக் கொள்ள விரும்புவதாகவும், அதில் வயிற்றுப்பாடு நடக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். நடக்கும், ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலையன்று. ஒரு நூலை முடிக்கவே பல மாதங்கள் ஆகும் என்பதால், இத்துறையினர் பலர் பாடநூல், இதழ், அனிமேஷன் ஆகியவற்றுக்கும் வரைந்தே குடும்பம் நடத்துகின்றனர். அம்புலிமாமாவில் வேதாளத்தை வரைந்த ஓவியர் சங்கர் 1952இல் சேர்ந்து பல பத்தாண்டுகள் பணியாற்றியதுபோல, ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் வாய்ப்பு இன்று அரிது.

படிப்புக்குச் சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் நான்காண்டு பி.எஃப்.ஏ. (கவின் கலை இளநிலைப் பட்டம்) உண்டு, அகமதாபாத் என்.ஐ.டி. என்னும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எட்டு ஏ4 தாள்களை நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் 32 பக்கம் வரும். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம் (ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சிடும் தொகுதி) என்பதால் படநூல்கள் பல இந்த அளவிலேயே வருகின்றன. அதில், நீங்கள் சொல்லித் தூங்கவைத்த கதை ஒன்றைப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். மூன்றாம் பக்கச் சிறுமி இருபதாம் பக்கத்தில் முதுகைக் காட்டி ஓடினாலும் அவளேதான் என்று நான்கு வயதுக் குழந்தை கண்டுகொள்கிறதா? நடு மடிப்பில் யாருடைய மூக்காவது காணாமல் போகிறதா? 'பூனை தூங்கியது' என்னும் வரிக்குப் பூனையை மட்டும் வரைகிறாளா, அதன் வாலைத் தாண்டிப் போகும் எலியையும் வரைகிறாளா? தனிப்படத்தை அழகாக வரைவோர் பலர் இங்கேதான் தடுமாறக் கண்டிருக்கிறேன். (போட்டிகளில் வாங்கிய கோப்பைகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) சென்னையின் தூலிகா, தாரா பதிப்பகங்கள் வெளியிட்ட நூல்களையும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் கதைகளையும் அவள் பக்கம் பக்கமாகப் பார்ப்பது நல்ல பயிற்சி.

பிற்காலத்தில், எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாமல் அவள் தூரிகையைத் தொடக்கூடாது. பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் உரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லையேல், சொன்னவருக்கே சேரும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த இளைஞர் ஒருவர், கதைக்கென வரைந்த தம் யானையை நோட்டுப் புத்தக அட்டையில், காசு கொடுத்து வாங்கும்போதுதான் பார்த்தார்.

அடுத்த மாதம் நேரில் வரும்போது அந்த 32 பக்கத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் பிறகு போதும்.