அரைப் பேர்

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வருடமாக நம் மலையின் சாதாரணப் பெண்களைப் படமெடுத்து வருகிறேன். படங்களைப் பருத்தித் துணியில் சயனோடைப் என்ற நீல அச்சு முறையில் வெயிலில் அச்சிட்டு, தேயிலைச் சாற்றில் ஊறவைக்கிறேன். மேலே நூல் வேலை, சிலவற்றில் களிமண். பன்னிரண்டு படங்கள் தயார். ‘தோடர் மூதாட்டி’, ‘கோத்தர் பெண்’, ‘படகர் மணப்பெண்’, ‘தேயிலைப் பெண் 1’, ‘தேயிலைப் பெண் 2’ என்று தலைப்புகள். இது போட்டோவும் இல்லை, ஓவியமும் இல்லை, இரண்டையும் கெடுக்கிறாய் என்கிறார் என் ஆசிரியர். இதை எந்த வகையில் சேர்ப்பது? கண்காட்சி வைக்கலாமா? கடிதத்தை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி, குன்னூர்

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முக்கியமாகத் தேயிலையில் ஊறிய அந்த இரண்டையும். சயனோடைப்பின் நீலம் இரும்பு உப்பால் வருவது. தேயிலையின் துவர்ப்பு பட்டதும் அது மங்கிக் கறுக்கிறது. கொழுந்து கிள்ளுகிறவளின் விரலைக் கறுக்க வைப்பதும் அந்தத் துவர்ப்புதான். என் அம்மாவின் பெருவிரலும் சுட்டுவிரலும் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் வெளுக்காது. அந்தக் கறையிலிருந்தே அவர்கள் முகத்தை எழுப்பியிருக்கிறீர்கள். கண் கலங்கிவிட்டது.

ஆசிரியர் சொன்னதை விடுங்கள். ரவி வர்மா அச்சுப்படத்து சரஸ்வதிக்கு ஜரிகைத் துணியும் ஜிகினாவும் வைத்துத் தைத்து, கண்ணாடி போட்டு மாட்டியவர்கள் நம்மவர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் உதட்டுக்கும் புடவைக்கும் தூரிகையால் நிறம் ஏற்றிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர்கள் இருந்தார்கள். இது எந்த வகை என்று அவர்கள் யோசித்துக்கொண்டு உட்காரவில்லை.

ஆனால் அந்தத் தலைப்புகள்! என்னம்மா இது? பன்னிரண்டு முகம், ஒரு பெயர்கூட இல்லையே. 1868 முதல் 1875 வரை ஆங்கிலேயர்கள் இந்திய மக்களைப் படமெடுத்து எட்டுத் தொகுதிகள் போட்டார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளில் அடுக்கினார். நம் தோடர்களின் தலையையும் மூக்கையும் அளவெடுத்தவர் அவர். அந்தப் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் குலத்தின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. உங்கள் ‘தோடர் மூதாட்டி’யும் அதே வரிசையில் போய் நிற்கிறார். நீங்கள் அன்போடு எடுத்தீர்கள், எனக்குத் தெரிகிறது. அந்தப் பாட்டிக்கு அது எப்படித் தெரியும்?

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. அந்த எண்ணிக்கையில் ஒருத்தி என் அம்மா. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வந்து கொழுந்து கிள்ளினாள். இலங்கைத் தோட்டங்களில் ஒரு நாள் கூலியைப் ‘பேர்’ என்பார்கள். சொன்ன எடைக்குக் கொழுந்து இருந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். இங்கே வந்தும் அம்மா அந்தப் பேச்சை விடவில்லை. “இன்னைக்கு அரைப் பேருதான்” என்று சொல்லிக்கொண்டே கூடையை இறக்குவாள். யாரோ அவள் பெயரைப் பாதியாக வெட்டிவிட்டார்கள் என்று சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் தோட்டத்துக்குப் படமெடுக்க ஆள் வந்தது. அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்க்கச் சொல்லி, புதுப் புடவை கொடுத்து, சிரிக்கச் சொன்னார்கள். எடுத்து முடித்ததும் புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஜனவரியில் கோத்தகிரி பஜார் டீக்கடையில் அம்மா காலண்டராகத் தொங்கினாள். டிசம்பர் முடியட்டும் என்றார் கடைக்காரர். வருடம் முழுக்கக் காத்திருந்து வாங்கி வந்தோம். கீழே எழுதியிருந்ததை என்னைப் படிக்கச் சொன்னாள். ‘நீலகிரியின் புன்னகை’ என்று படித்தேன்.

“என் பேரு எங்க?”

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “அரைப் பேராச்சும் போட்டிருக்கலாம்” என்று சொல்லி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

உங்கள் பெயர் வேண்டாம் என்றீர்கள். நான் போடவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரிடமும் இப்படிக் கேட்டீர்களா? வேண்டாம் என்பவர் பெயரைப் போடாதீர்கள். வேண்டும் என்றால், அவர் வாயால் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயராக இருந்தாலும் சரி.

நூல் வேலை யாருடையது என்றும் நீங்கள் சொல்லவில்லை. கறுப்பும் சிவப்புமாகத் தோடர் பூவேலை போலத் தெரிகிறது. தடம் வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடுகிற வேலை அது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. தோடர் பெண்களே போட்டதென்றால் அந்தப் படங்களில் இரண்டு பெயர் வர வேண்டும், கூலியும் ஒழுங்காகப் போக வேண்டும். நீங்களாகப் பார்த்துப் போட்டதென்றால் பிரித்துவிடுங்கள், துணி வீணானாலும் பரவாயில்லை. கோத்தர் பெண்கள் பானை வனைபவர்கள் என்பதால் களிமண் பூசினீர்கள் போலிருக்கிறது. அது எனக்கு ஒட்டவில்லை.

கண்காட்சி தாராளமாக வையுங்கள், நான் வருகிறேன். அதற்கு முன்னால் பன்னிரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு பிரதி கண்ணாடி போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். டிசம்பர் வரை காத்திருக்க வைக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா