வாடகைக்கு விட்டாலும் கமிஷனா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் உள்ள எங்கள் வீட்டை விற்க ஒரு ரியல்டரிடம் (வீட்டுத் தரகர்) ஆறு மாத ஒப்பந்தம் போட்டோம். நான்கு மாதமாகியும் விலை படியவில்லை. கணவரின் ஆபீஸ் நண்பர் வாடகைக்கு வருகிறேன், பிடித்தால் அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். ரியல்டரோ, வாடகைக்கு விட்டாலும் தனக்குக் கமிஷன் உண்டு என்கிறார். ஆளைப் பிடித்தது நாங்கள், அவருக்கு எதற்குப் பணம்?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஆளைப் பிடித்தது யார் என்ற கேள்வி இங்கே பெரும்பாலும் எடுபடாது. அங்கே வீட்டை விற்கக் கொடுப்பவர்களில் பலர் போடுவது, யார் மூலம் விற்றாலும் ரியல்டருக்குக் கமிஷன் சேரும் வகை ஒப்பந்தம்தான். உங்களுடையதும் அதுதானா என்று முதலில் பாருங்கள்.

அடுத்ததுதான் பலர் படிக்காமல் தாண்டிவிடும் வரி. கலிஃபோர்னிய ரியல்டர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் படிவத்தில், ஒப்பந்தக் காலத்துக்குள் புரோக்கரின், அதாவது ரியல்டர் வேலை செய்யும் நிறுவனத்தின், எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விட்டால், விற்பனைக் கமிஷனையே கேட்க இடம் உண்டு. ஆறு லட்சம் டாலர் வீட்டுக்கு 5 சதவீதம் என்று வைத்தால் 30,000 டாலர். நண்பர் தரும் வாடகையில் எத்தனை மாதம் அதற்கே போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ரியல்டர் கேட்பது வாடகைக்கான சிறு தொகையா, இந்த முழுத் தொகையா? அதைக் கேட்டுத் தெளிவாக்காமல் நண்பரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

கமிஷன் இவ்வளவு என்று எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை, எல்லாமே பேரம்தான். வீடு விற்காத நிலையில் அவரும் இறங்கி வரலாம், தயங்காமல் பேசுங்கள். ஆனால் ஒப்பந்தம் அந்த ரியல்டரோடு அல்ல, அவர் வேலை செய்யும் நிறுவனத்தோடு போட்டது. அதனால் "சரி, பரவாயில்லை" என்று அவர் போனில் சொன்னால் போதாது. வாடகைக்கு விடச் சம்மதம், அதற்கான தொகை, நண்பர் பின்னால் வாங்கினால் எவ்வளவு (அல்லது ஒன்றுமில்லை) என்று எழுதி, புரோக்கர் தரப்புக் கையெழுத்தோடு வாங்குங்கள். விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள் என்பதால் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள், இரண்டும் வேறு.

நண்பர் பொறுப்பார் என்றால் மீதி இரண்டு மாதம் காத்திருப்பது இன்னும் சுலபம். அப்போதும் காலம் முடிந்த பிறகான பாதுகாப்புப் பிரிவைப் படியுங்கள். ஒப்பந்தக் காலத்தில் வீட்டைப் பார்த்தவர் பிறகு வாங்கினால் அதற்கும் கமிஷன் கேட்கும் பிரிவு அது. நண்பர் பெயர் அதில் வராது என்று எழுதி வாங்கிவிட்டால் நல்லது.

வரியையும் மறக்காதீர்கள். விற்கும் நாளுக்கு முந்தைய ஐந்தாண்டில் இரண்டாண்டாவது அதைச் சொந்த வீடாக வைத்துக் குடியிருந்திருந்தால், தம்பதியாகச் சேர்ந்து வரி கட்டுபவர்களுக்கு 5,00,000 டாலர் வரை லாபத்துக்கு மத்திய வரிவிலக்கு உண்டு. வாடகை மூன்று வருடத்தைத் தாண்டினால் அது கைநழுவலாம். அதற்குள் வாங்குவாரா என்று நண்பரிடம் இப்போதே கேளுங்கள்.